சிறுநீரகப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு–நோயெதிர்ப்புக் கூட்டுச் சிகிச்சை

சிறுநீரகப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு–நோயெதிர்ப்புக் கூட்டுச் சிகிச்சை என்பது, சிறுநீரகத்தில் தோன்றி உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவிவிட்ட புற்றுநோய்க்கு, துல்லியமாகக் குறிவைக்கப்பட்ட உயர் அளவுக் கதிர்வீச்சையும் நோயெதிர்ப்புத் தொகுதியைச் செயற்படத் தூண்டும் மருந்துகளையும் சேர்த்து அளிக்கும் மருத்துவ முறையாகும். கதிர்வீச்சு தான் படும் கட்டியை அழிக்கிறது. மருந்து உடல் முழுவதும் செயற்படுகிறது. கதிர்வீச்சினால் சிதையும் கட்டி, நோயெதிர்ப்பு உயிரணுக்களுக்குப் புற்றுநோயை அடையாளம் காட்டும் என்ற எதிர்பார்ப்பும் இம்முறைக்கு அடிப்படையாக அமைந்துள்ளது. அந்த எதிர்பார்ப்பு எந்த அளவுக்கு மெய்ப்படுகிறது என்பது 2010களின் பிற்பகுதியிலிருந்து பல நாடுகளில் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டு வருகிறது.

நோயின் தன்மை

பெரியவர்களுக்கு ஏற்படும் சிறுநீரகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை சிறுநீரக உயிரணுப் புற்று என்னும் வகையைச் சேர்ந்தவை. இவற்றுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, நுண்ணோக்கியில் தெளிந்த நிறத்துடன் காணப்படும் தெளிவணு வகையாகும். உலக அளவில் 2022ஆம் ஆண்டில் சுமார் 4.35 இலட்சம் பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், சுமார் 1.56 இலட்சம் பேர் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. மேலை நாடுகளுடன் ஒப்பிடுகையில் இந்தியாவில் இந்நோய் குறைவாகவே காணப்படுகிறது.

தெளிவணு வகைப் புற்றில் 3ஆம் நிறப்புரியில் உள்ள வான் ஹிப்பல்–லிண்டாவ் மரபணு பெரும்பாலும் செயலிழந்திருக்கும். இம்மரபணு, உயிரணுக்கள் ஆக்சிசன் அளவை உணரும் ஒழுங்கமைப்பின் ஒரு பகுதி. இது செயலிழந்தால், ஆக்சிசன் போதுமான அளவில் இருக்கும்போதும் உயிரணு ஆக்சிசன் பற்றாக்குறையில் இருப்பது போலவே நடந்துகொண்டு, புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கும் புரதங்களைச் சுரக்கிறது. இக்கட்டிகள் இரத்தக் குழாய்கள் மிகுந்தவையாக இருப்பதன் காரணம் இதுவே. ஆக்சிசனை உணரும் இந்தப் பொறிமுறையைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகியோருக்கு 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்நோய் நுரையீரல், எலும்பு, நிணநீர்க் கணு, கல்லீரல், மூளை, அண்ணீரகச் சுரப்பி ஆகியவற்றுக்குப் பரவக்கூடும். சிறுநீரகத்தை அகற்றிப் பல ஆண்டுகள் கடந்த பின்னரும் சிலருக்குப் பரவல் கட்டிகள் தோன்றுவதுண்டு. மிக அரிதாக, சிறுநீரகம் அகற்றப்பட்ட பின் நுரையீரலில் உள்ள கட்டிகள் தாமாகவே சுருங்கியதும் பதிவாகியுள்ளது. உடலின் நோயெதிர்ப்புத் தொகுதிக்கு இப்புற்றுநோயை எதிர்க்கும் ஆற்றல் உண்டு என்பதற்கான தொடக்ககாலச் சான்றாக இந்நிகழ்வு கொள்ளப்பட்டது.

கதிர்வீச்சின் பங்கு

மரபுவழிக் கதிர்ச் சிகிச்சையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கிரே என்ற சிறிய அளவில், பல வாரங்களுக்குக் கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. கிரே என்பது ஒரு கிலோகிராம் திசு உட்கொள்ளும் கதிர்வீச்சு ஆற்றலை அளக்கும் அலகாகும். இவ்வாறு சிறுகச் சிறுக அளிக்கும்போது சிறுநீரகப் புற்று உயிரணுக்கள் சேதத்தைச் சரிசெய்துகொண்டு தப்பிவிடுகின்றன. எனவே இது கதிர்வீச்சுக்குக் கட்டுப்படாத புற்றுநோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. எலும்பு வலியைத் தணிப்பது போன்ற தேவைகளுக்கு மட்டுமே கதிர்வீச்சு பயன்படுத்தப்பட்டது.

இக்கருத்து மாறியதற்கு சுவீடன் நாட்டில் வளர்ந்த தொழில்நுட்பம் காரணமாகும். நரம்பறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951ஆம் ஆண்டில், மண்டையைத் திறக்காமல் பல திசைகளிலிருந்து கதிர்களை மூளையின் ஒரே புள்ளியில் குவிக்கும் கதிர் அறுவை முறையை முன்வைத்தார். 1990களில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனையைச் சேர்ந்த ஹென்ரிக் புளோம்கிரென், இங்மார் லாக்ஸ் ஆகியோர் இதே கருத்தை நுரையீரல், கல்லீரல் போன்ற உடற்பகுதிகளுக்கும் விரிவுபடுத்தினர். இம்முறை உடல் சார்ந்த இலக்குக் கதிர்ச் சிகிச்சை எனப்படுகிறது. மருத்துவமனைகளில் இது எஸ்.பி.ஆர்.டி. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுகிறது.

இதில் ஒரு முறை முதல் ஐந்து முறை வரை மட்டுமே கதிர்வீச்சு அளிக்கப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அளவு மிக அதிகம். நோயாளர் அசையாதிருக்க அச்சுப் படுக்கை பயன்படுகிறது. மூச்சு விடும்போது கட்டி நகரும் தொலைவு சி.டி. வருடிப் படங்களால் முன்கூட்டியே அளக்கப்படுகிறது. கட்டியின் விளிம்பைத் தாண்டியவுடன் கதிர்வீச்சின் அளவு செங்குத்தாகக் குறையும் வகையில் திட்டமிடப்படுவதால், அருகிலுள்ள நல்ல திசுக்கள் பெருமளவு காக்கப்படுகின்றன.

சிறுநீரகத்தில் உள்ள முதன்மைக் கட்டிக்கே இம்முறை பயனளிக்கிறது என்பதை ஆஸ்திரேலியா, நெதர்லாந்து நாடுகளில் 70 நோயாளர்களிடம் நடத்தப்பட்ட ஃபாஸ்ட்ராக் 2 என்னும் ஆய்வு காட்டியது. அறுவைச் சிகிச்சைக்கு ஏற்றவராக இல்லாத இந்நோயாளர்களுக்கு, 4 சென்டிமீட்டர் வரையான கட்டிகளுக்கு ஒரே முறையில் 26 கிரேயும், அதனினும் பெரியவற்றுக்கு மூன்று முறைகளில் 42 கிரேயும் அளிக்கப்பட்டன. 2024இல் வெளியான முடிவுகளின்படி, ஓராண்டு முடிவில் கதிர்வீச்சு பெற்ற கட்டி எவருக்கும் மீண்டும் வளரவில்லை.

நோயெதிர்ப்பு மருந்துகள்

பரவிய சிறுநீரகப் புற்றுநோய்க்கு 1992இல் அமெரிக்காவில் உயர் அளவு இன்டர்லியூக்கின்-2 ஏற்கப்பட்டது. ஒரு சிறு பகுதியினருக்கு நோய் முற்றிலும் மறைந்தது. ஆனால் இரத்த அழுத்தம் வீழ்தல் போன்ற கடும் விளைவுகளால் தீவிர கண்காணிப்பில் மட்டுமே இதை அளிக்க முடிந்தது. 2005க்குப் பின் சொராஃபெனிப், சுனிட்டினிப் முதலிய, இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரைகள் வந்தன.

அடுத்த திருப்பம் நோயெதிர்ப்புச் சோதனைச்சாவடித் தடுப்பிகள் எனப்படும் மருந்துகளால் ஏற்பட்டது. டி உயிரணுக்கள் நம் சொந்தத் திசுக்களைத் தாக்காதிருக்க அவற்றின் மீது பி.டி.-1, சி.டி.எல்.ஏ.-4 முதலிய தடைப் புரதங்கள் உள்ளன. புற்றுநோய் இந்தத் தடைகளைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கிறது. பிறபொருளெதிரி வகை மருந்துகள் இத்தடையை நீக்குகின்றன. இதற்கு வழிவகுத்த கண்டுபிடிப்புகளுக்காக ஜேம்ஸ் பி. அலிசன், தசுகு ஹோன்ஜோ ஆகியோர் 2018ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றனர்.

சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் ஏற்கப்பட்ட முக்கிய மருந்துகள்:

* 2015 – நிவோலுமாப் (முந்தைய சிகிச்சை பலனளிக்காதவர்களுக்கு)
* 2018 – நிவோலுமாப், இபிலிமுமாப் இணை
* 2019 – பெம்ப்ரோலிசுமாப், அக்சிட்டினிப் இணை
* 2021 – நிவோலுமாப், கபோசான்டினிப் இணை
* 2021 – பெம்ப்ரோலிசுமாப், லென்வாட்டினிப் இணை

இம்மருந்துகள் பலரின் வாழ்நாளை நீட்டித்துள்ளன. எனினும் அனைவருக்கும் இவை பலன் தருவதில்லை. இடைநிலை மற்றும் உயர் இடர் நோயாளர்களிடம் நிவோலுமாப்–இபிலிமுமாப் இணைக்குக் கட்டி சுருங்கியோர் 42 விழுக்காட்டினர். மீதமுள்ளோரின் நோயையும் கட்டுக்குள் கொண்டுவரும் வழிகளைத் தேடியபோதுதான் கதிர்வீச்சைச் சேர்க்கும் எண்ணம் வலுப்பெற்றது.

கூட்டுச் சிகிச்சையின் அடிப்படை

ஓரிடத்தில் கதிர்வீச்சு அளிக்கும்போது, கதிர் படாத வேறிடத்துக் கட்டியும் சுருங்குவது அரிதாகக் காணப்படுகிறது. இவ்விளைவுக்கு 1953இல் பிரித்தானிய ஆய்வாளர் ஆர். எச். மோல் அப்ஸ்கோபல் விளைவு என்று பெயரிட்டார். தமிழில் இதனை இலக்குக்கு அப்பாலான விளைவு எனலாம். 2006இல் கரோலின்ஸ்கா மருத்துவர்கள், இலக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற 28 சிறுநீரகப் புற்றுநோயாளர்களில் நால்வருக்குக் கதிர் படாத கட்டிகளும் சுருங்கியதாகப் பதிவு செய்தனர்.

இதற்குக் கூறப்படும் விளக்கம் பின்வருமாறு. உயர் அளவுக் கதிர்வீச்சினால் புற்று உயிரணுவின் டி.என்.ஏ. உடைகிறது. இறக்கும் உயிரணுவிலிருந்து பிறபொருளெதிரியாக்கிகளும் ஆபத்தை அறிவிக்கும் வேதிச் சைகைகளும் வெளிப்படுகின்றன. கிளையுரு உயிரணுக்கள் இவற்றை எடுத்துச் சென்று நிணநீர்க் கணுக்களில் உள்ள டி உயிரணுக்களுக்குக் காட்டுகின்றன. அவ்வாறு பழக்கப்பட்ட டி உயிரணுக்கள் இரத்தத்தின் வழியே உடலெங்கும் சென்று அதே அடையாளமுள்ள கட்டிகளைத் தாக்கவேண்டும். ஆனால் தடைப் புரதங்கள் அவற்றை நிறுத்திவிடுகின்றன. சோதனைச்சாவடித் தடுப்பியைச் சேர்த்தால் இத்தடை நீங்கும் என்பது கருதுகோள்.

இரண்டாவது காரணம் எளிமையானது. மருந்துக்குப் பெரும்பாலான கட்டிகள் கட்டுப்பட்டு, ஓரிரு கட்டிகள் மட்டும் வளரும் நிலையில், அவற்றைக் கதிர்வீச்சினால் அழித்துவிட்டால் அதே மருந்தைத் தொடரலாம். இதற்கு இலக்குக்கு அப்பாலான விளைவு ஏற்படவேண்டிய தேவையில்லை. நடைமுறையில் இம்முறை கூடுதலாகப் பயன்படுவது இந்தக் காரணத்தினாலேயே.

மருத்துவ ஆய்வுகள்

நைவ்ஸ் ஆய்வு: இத்தாலியில் 69 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியானது. முன்னரே மருந்து எடுத்தும் நோய் முன்னேறியவர்களுக்கு நிவோலுமாப் தொடங்கப்பட்டு, ஏழு நாள்களின் பின் ஒரு கட்டிக்கு மூன்று முறை 10 கிரே வீதம் கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. 40 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கும் என எதிர்பார்க்கப்பட்டது; கிடைத்தது 17 விழுக்காடே. ஒரு கட்டிக்கு மட்டும் கதிர்வீச்சு அளித்து உடல் முழுவதும் எதிர்ப்பைத் தூண்டலாம் என்ற நம்பிக்கையை இம்முடிவு தளர்த்தியது.

ராட்வாக்ஸ் ஆய்வு: அமெரிக்காவில் 25 நோயாளர்களுக்கு நிவோலுமாப்–இபிலிமுமாப் இணையுடன் ஓரிரு கட்டிகளுக்கு ஐந்து முறைகளில் 50 கிரே அளிக்கப்பட்டது. 56 விழுக்காட்டினருக்குக் கதிர் படாத கட்டிகளிலும் பலன் தெரிந்ததாக 2020இல் அறிவிக்கப்பட்டது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதால், இப்பலனில் கதிர்வீச்சின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது.

ரப்போர்ட் ஆய்வு: மெல்பர்ன் பீட்டர் மெக்கல்லம் புற்றுநோய் மையத்தின் சங்கர் சிவா தலைமையில் நடைபெற்று 2022இல் வெளியானது. ஒன்று முதல் ஐந்து வரையான பரவல் கட்டிகளைக் கொண்ட 30 நோயாளர்களின் எல்லாக் கட்டிகளுக்கும் கதிர்வீச்சு அளிக்கப்பட்டு, பின்னர் எட்டுத் தவணை பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுக்கப்பட்டது. ஈராண்டு முடிவில் கதிர்வீச்சு பெற்ற இடங்களில் 92 விழுக்காடு கட்டுப்பாட்டில் இருந்தது. 74 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். 45 விழுக்காட்டினருக்கு நோய் எங்கும் முன்னேறவில்லை. மருந்தை வரையறுத்த காலத்துடன் நிறுத்திவிட முடியும் என்பது இதன் முக்கியப் பயனாகும்.

இம்மூன்றும் தோராயத் தேர்வு முறையில் ஒப்பிடப்படாத ஆய்வுகள். நோயாளர்களின் நிலையும் வேறுபட்டது என்பதால் இவற்றின் எண்களை ஒன்றோடொன்று நேரடியாக ஒப்பிடலாகாது. இருப்பினும் பரவல் கட்டிகள் குறைவாக இருந்து, அவை யாவற்றுக்கும் கதிர்வீச்சு அளிக்க முடிந்தால் பயன் மிகுகிறது என்ற போக்கு இவற்றில் தெரிகிறது.

யாருக்குப் பொருந்தும்

சிகிச்சையைத் தீர்மானிக்கும் முன் நோயாளரின் இடர் நிலை கணிக்கப்படுகிறது. இதற்கு ஆறு அளவுகோல்கள் பயன்படுகின்றன: அன்றாடச் செயல்திறன் குறைவு, நோய் கண்டறிந்து ஓராண்டுக்குள் மருந்து தேவைப்படல், இரத்தச்சோகை, இரத்தத்தில் கால்சியம் மிகுதல், வெள்ளணு வகையான நடுவமைநாடிகள் மிகுதல், இரத்தத் தட்டுகள் மிகுதல். இவற்றில் எதுவும் இல்லாதவர் குறைந்த இடர் பிரிவிலும், ஒன்றோ இரண்டோ உள்ளவர் இடைநிலையிலும், மூன்றும் அதற்கு மேலும் உள்ளவர் உயர் இடர் பிரிவிலும் சேர்க்கப்படுகின்றனர்.

கதிர்வீச்சைச் சேர்ப்பது பொதுவாகப் பின்வரும் நிலைகளில் கருதப்படுகிறது:

* பரவல் கட்டிகள் ஐந்துக்கு மேற்படாத நிலை
* மருந்து எடுக்கும்போது ஓரிரு கட்டிகள் மட்டும் வளரும் நிலை
* மூளைக்குப் பரவல் (இக்கட்டிகளில் இரத்தக் கசிவு ஏற்படும் வாய்ப்பு அதிகம்)
* முதுகெலும்புப் பரவலால் தண்டுவடம் அழுத்தப்படும் ஆபத்து
* வலி, இரத்தப்போக்கு போன்ற தொல்லைகள்

பக்க விளைவுகள்

கதிர்வீச்சின் விளைவுகள் அது படும் இடத்தைப் பொறுத்தவை. நுரையீரலில் அழற்சியும், முதுகெலும்பில் முறிவும், குடலுக்கு அருகில் புண்ணும் ஏற்படலாம். இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரைகளை எடுப்போருக்கு, கதிர்வீச்சு நாள்களை ஒட்டி அவற்றை நிறுத்திவைப்பது வழக்கம்.

நோயெதிர்ப்பு மருந்துகளின் விளைவுகள் வேறு தன்மையுடையவை. தடை நீங்கிய டி உயிரணுக்கள் நல்ல உறுப்புகளையும் தாக்கக்கூடும். குடல் அழற்சியால் வயிற்றுப்போக்கும், நுரையீரல் அழற்சியால் இருமலும் மூச்சுத்திணறலும், கல்லீரல் அழற்சி, தைராய்டுக் குறைபாடு, அண்ணீரகச் சுரப்புக் குறைபாடு ஆகியவையும் தோன்றலாம். இவை மருந்து தொடங்கிச் சில வாரங்களிலும் வரலாம். மருந்தை நிறுத்திய பல மாதங்களுக்குப் பின்னும் வரலாம். பெரும்பாலானவை காலத்தே கண்டறிந்தால் ஸ்டீராய்டு மருந்துகளால் அடங்குகின்றன. காலம் தாழ்த்தினால் உயிருக்கு ஆபத்தாக முடியும். நுரையீரலுக்குக் கதிர்வீச்சு பெற்றவருக்கு மூச்சுத்திணறல் வந்தால், அது கதிர்வீச்சினாலா மருந்தினாலா என்று பிரித்தறிவது கடினம்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

தமிழ்நாட்டில் கதிர் மருத்துவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கப்பட்டது. அங்கு 1957இல் கோபால்ட்-60 கதிர்ச் சிகிச்சைக் கருவி நிறுவப்பட்டது. சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் 2009இல் சைபர்நைஃப் என்னும் எந்திரக் கை கொண்ட கதிர் அறுவைக் கருவி அமைந்தது. இந்தியாவில் எந்தக் கதிர்ச் சிகிச்சைக் கருவியையும் இயக்குவதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் தேவை.

கூட்டுச் சிகிச்சையின் இரு பகுதிகளுள் செலவு மிகுந்தது மருந்தே. இலக்குக் கதிர்ச் சிகிச்சை சில நாள்களில் முடிந்துவிடுகிறது. மருந்தோ இரண்டு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஈராண்டு வரை தொடரவேண்டியது. அறிமுகமான ஆண்டுகளில் இம்மருந்துகளின் ஒரு தவணை விலையே இலட்ச ரூபாய்க் கணக்கில் இருந்தது. 2023 ஏப்ரல் முதல் பெம்ப்ரோலிசுமாப் மருந்துக்கு அடிப்படைச் சுங்க வரியிலிருந்து நடுவண் அரசு விலக்கு அளித்தது.

விலையைச் சமாளிக்கும் மற்றொரு முயற்சி மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடைபெற்றது. தலை, கழுத்துப் புற்றுநோயாளர்கள் 151 பேரிடம் நடந்த ஆய்வில், வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான 20 மில்லிகிராம் நிவோலுமாப், மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பிற மருந்துகளுடன் சேர்த்து அளிக்கப்பட்டது. ஓராண்டு முடிவில் உயிருடன் இருந்தோர் விழுக்காடு 16.3இலிருந்து 43.4ஆக உயர்ந்தது. இம்முடிவு தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு உரியது. சிறுநீரகப் புற்றுநோய்க்கு இதே அளவு போதும் என இதிலிருந்து கொள்ள இயலாது.

தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகச் செயற்படுகிறது. 2018இல் நடுவண் அரசின் திட்டத்துடன் இது இணைக்கப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. எச்சிகிச்சைக்கு எவ்வளவு தொகை என்பது திட்டத்தின் தொகுப்புப் பட்டியலால் வரையறுக்கப்படுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளி

சேர்வராயன் மலைக்கும் காவிரி ஆற்றுக்கும் இடைப்பட்ட சேலம், நாமக்கல் பகுதி, சரக்குந்துப் போக்குவரத்து, ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டித் தொழில், விசைத்தறி, கோழிப்பண்ணை, சவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசு செய்தல் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்றது. நாமக்கல் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இல் தொடங்கப்பட்டது. பிரதமர் சுகாதாரப் பாதுகாப்புத் திட்டத்தின் முதற் கட்டத்தில் மேம்படுத்தப்பட்ட நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது.

சிறுநீரகப் புற்றுநோய்க்கு நன்கு உறுதிசெய்யப்பட்ட இடர்க் காரணிகள் புகைபிடித்தல், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகியவையாகும். உலோகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் என்னும் கரைப்பானும் இந்நோயை உண்டாக்குவதாகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் முடிவு செய்தது. இரவு பகலாக வண்டி ஓட்டுவோரிடமும் பட்டறைத் தொழிலாளரிடமும் இவை கவனிக்கத் தக்கவை. 2021 ஆகத்தில் கிருட்டிணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், உயர் இரத்த அழுத்தத்துக்கான மருந்துகள் வீடுகளுக்கே கொண்டுசென்று வழங்கப்படுகின்றன.

வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் வெளியேறுவது இந்நோயின் முக்கிய அறிகுறி. சிறுநீரகக் கல்லுக்கும் சிறுநீரில் இரத்தம் வருவதுண்டு என்பதால், கல் என்று கருதி மருந்து எடுத்துக்கொண்டு காலம் கடத்துவது பரவிய நிலையில் நோய் கண்டறியப்படுவதற்கு ஒரு காரணமாகலாம். மாறாக, வேறு காரணத்துக்காக எடுக்கப்படும் வயிற்று மீயொலி வருடலில் சிறிய கட்டிகள் தற்செயலாகத் தெரியவருவதும் உண்டு. அந்நிலையில் அறுவையினாலேயே பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

இலக்குக் கதிர்வீச்சும் நோயெதிர்ப்பு மருந்தும் ஒருங்கே கிடைக்கும் பெரிய மையங்கள் சென்னை, வேலூர், கோயம்புத்தூர், பெங்களூர் ஆகிய நகரங்களில் உள்ளன. சேலத்திலிருந்து கோயம்புத்தூர் சுமார் 160 கிலோமீட்டரும், வேலூர் சுமார் 200 கிலோமீட்டரும், சென்னை சுமார் 340 கிலோமீட்டரும் தொலைவில் உள்ளன. கதிர்வீச்சுக்கு ஓரிரு வாரம் வெளியூரில் தங்கினால் போதும். ஆனால் மருந்தின் பக்க விளைவு, நோயாளர் ஊர் திரும்பிய பின்னரே பெரும்பாலும் தலைகாட்டுகிறது. வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ கடும் சோர்வோ ஏற்படும்போது அவர் முதலில் செல்வது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஊர் மருத்துவரிடமோ ஆகும். அங்கு அது உணவு ஒவ்வாமையாகவோ தொற்றாகவோ கருதப்பட்டால் ஸ்டீராய்டு தொடங்கவேண்டிய நேரம் தவறிவிடும். இதனால் மருந்தின் பெயர், கடைசித் தவணை நாள், மையத்தின் அவசரத் தொடர்பு எண் ஆகியவை எழுதிய அட்டையை நோயாளர் எப்போதும் உடன் வைத்திருக்குமாறு புற்றுநோய் மையங்கள் அறிவுறுத்துகின்றன.

விடை காணவேண்டியவை

மருந்துக்கு முன் கதிர்வீச்சு அளிப்பதா, உடன் அளிப்பதா, எத்தனை கிரே, எத்தனை கட்டிகளுக்கு என்பன இன்னும் முடிவாகவில்லை. பரவிய நிலையில் முதன்மைக் கட்டி உள்ள சிறுநீரகத்தை உடனே அகற்றுவது எல்லோருக்கும் தேவையில்லை என்பதை 450 நோயாளர்களிடம் நடந்த பிரான்சு நாட்டின் கார்மினா ஆய்வு 2018இல் காட்டியது. அகற்றாத சிறுநீரகக் கட்டிக்குக் கதிர்வீச்சு அளித்தால் மருந்தின் பலன் கூடுமா என்பதைத் தோராயத் தேர்வு முறையில் அறிய, கனடா தொடங்கிய சைட்டோஷ்ரிங்க், அமெரிக்காவின் சாமுராய் ஆகிய ஆய்வுகள் வடிவமைக்கப்பட்டன. பரவல் கட்டிகள் குறைவாக உள்ளவர்களுக்கு முதலில் கதிர்வீச்சு மட்டும் அளித்து, மருந்தைத் தள்ளிப்போட முடியுமா என்பதை அமெரிக்காவின் சோர் என்னும் மூன்றாம் கட்ட ஆய்வு ஆராய்கிறது. மருந்துச் செலவைத் தாங்க இயலாத குடும்பங்கள் மிகுந்த நாடுகளுக்கு இக்கேள்வியின் விடை குறிப்பாக முக்கியமானது.

இவற்றையும் பார்க்க

* சிறுநீரகம்
* புற்றுநோய்
* கதிர்ச் சிகிச்சை
* நோயெதிர்ப்புத் தொகுதி
* அடையாறு புற்றுநோய் நிலையம்